தொட்டி மூடியின் மேல் உட்கார்ந்த நாள்

மலரு, இளங்கோ,

போன ஞாயிற்றுக்கிழமை எழுமலையில் காதுகுத்துப் பந்தியில் உங்கள் மாமா ஒருத்தர் சொன்னது உங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது என்று எனக்குத் தெரியும். "கப்பல் கப்பல்னு பெருமையடிச்சாரு, அங்க போயி கக்கூஸ்தான பாத்தாரு. அதையும் ஒழுங்காப் பாக்கலன்னு தொரத்தி விட்டாய்ங்க" என்றார். பந்தியே சிரித்தது. இளங்கோ பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டான். பஸ் உசிலம்பட்டி தாண்டும் வரைக்கும் மலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாயால் சொல்லியிருப்பேன். கேட்காததால் எழுதுகிறேன்.

மாமா சொன்னதில் மூன்று விஷயம் இருக்கிறது. கப்பலில் நான் கக்கூஸ் குழாய் பார்த்தது நிஜம். என்னை இறக்கி விட்டதும் நிஜம். ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது பொய். அந்த ஒரு பொய்க்காகத்தான் இத்தனை பக்கம்.

நான் பத்தாவது முடித்து ஐடிஐயில் பிட்டர் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் மலர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

1. ஆரப்பாளையத்து மாடி

கப்பலுக்குப் போகும் முன்னால் நான் கப்பலூரில் ஒரு பம்பு கம்பெனியில் இருந்தேன். பழைய பம்பு வரும். பிரித்து, பேரிங் மாற்றி, ஷாப்ட் கடைந்து, ஓடவிட்டுக் கொடுப்போம். வேலை நல்ல வேலைதான். ஆனால் இளங்கோ பிறந்த பிறகு அந்தச் சம்பளத்தில் வீடு நிற்கவில்லை.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு லாட்ஜின் மாடியில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். கீழே புரோட்டா கல் சத்தம், மேலே அவர் சத்தம்.

"பாஸஞ்சர் கப்பல்ணே. டூர் போற கப்பல். ஏசி, மூணு வேளைச் சோறு, யூனிபார்ம். வேற என்னண்ணே வேணும் மனுசனுக்கு?"

"பிட்டர் வேலைதான?"

"பிட்டரேதான். பேப்பர்ல அப்பிடித்தான் போட்ருக்கு பாருங்க."

பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது. கடலில் வேலை பார்க்கப் போகிறவர்கள் முடிக்க வேண்டிய பாதுகாப்புப் பயிற்சியை முடித்தேன். நீச்சல் தெரியாத எழுமலைக்காரன் லைப் ஜாக்கெட்டோடு குளத்தில் குதித்ததைப் பார்த்து வாத்தியார் சிரித்தார். ஆனாலும் பாஸ் பண்ணினேன்.

2. கெழவி

மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் போய் ஏறினேன். கப்பலின் பெயர் இங்கே வேண்டாம். நாங்கள் அதைக் கெழவி என்றுதான் சொல்வோம். டிவியில் காட்டுகிற மாதிரி ஊர் அளவு பெரிய கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். சின்னக் கப்பல். எங்கேயோ குளிர் நாட்டில் கட்டியது. நாலைந்து முதலாளிகள் கைமாறி, ஒவ்வொருத்தரும் ஒரு கலர் பெயிண்ட் அடித்து, கடைசியில் நம் பக்கத்துக் கடலுக்கு வந்து சேர்ந்திருந்தது. வெளியே பார்த்தால் கல்யாணப் பெண் மாதிரி லைட்டு. உள்ளே தரைக்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு குழாயிலும் ஒட்டு, ஒட்டுக்கு மேல் ஒட்டு. மழைக்காலத்தில் டைனிங் ஹாலில் ஒரு பக்கம் ஒழுகும். பயணிகள் பார்க்கக்கூடாது என்று அந்த இடத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் செடியை வைத்திருந்தார்கள். தொட்டி நிறைந்தால் ஒரு பையன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி வந்து தண்ணீரை எடுத்துக்கொண்டு போவான்.

ஆனாலும் ஓடினாள். நல்ல காற்றிலும் ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்தாள். அவளை ஓட வைத்தது நாங்கள்.

முதல் நாள் செகண்ட் எஞ்சினியர் முன்னால் போய் நின்றேன். பெயர் ராஜசேகர். எஞ்சின், பம்பு, குழாய் எல்லாம் அவர் பார்வையில்தான் நடக்கும். மதுரைக்காரர், அண்ணா நகரில் வீடு. என் பேப்பரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எழுமலையா? அட, நம்ம பக்கம்தான். எழுமலையில எங்கிட்டு?"

"பஸ் ஸ்டாண்டுக்கு மேக்க சார்."

"மேக்கன்னா? ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனி சார்."

"சரி சரி." பேப்பரை மடித்தார். "எஞ்சின் ரூமுக்கு பிட்டர் ஆள் இருக்கான். நீ சானிட்டரி லைன் பாத்துக்க. ஒனக்கு அது செட்டாகும்."

"நான் பம்பு வேலையிலயே கெடந்தவன் சார்."

"அதுலயும் பம்பு இருக்குப்பா. போ."

மேற்கே என்று சொன்னால் போதும் என்று நினைத்தேன். நடுக்கடலிலும் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது.

அன்று சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் ஜமால் பாய். நெல்பேட்டைக்காரர், கப்பல் லாண்டரிக்கு அவர்தான் மாஸ்டர். அகலமான ஆள். நாற்காலி அவருக்குப் போதாமல் பெஞ்சில்தான் உட்காருவார். என் மூஞ்சியைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

"என்ன மாப்ள, நெனச்ச வேல வேற, குடுத்த வேல வேறயா?"

"ஆமா பாய்."

"நான் வீட்ல என் கைலிய நானே தொவச்சதில்ல. இங்க ஊர்ப்பட்ட பேரு படுத்த விரிப்பத் தொவைக்கிறேன். என் பீவி பாத்தா பிரியாணி போட்டுக் கொண்டாடுவா. சாப்புடு. கொழம்பு ஆறுனா அதுவும் வேற கொழம்பாயிரும்."

3. உறிஞ்சும் குழாய்

கப்பல் கக்கூஸ் வீட்டில் இருப்பதைப் போல இல்லை. தண்ணீர் ஊற்றித் தள்ளுவது கிடையாது. பட்டனை அமுக்கினால் குழாய் காற்றோடு சேர்த்து உறிஞ்சி இழுத்துவிடும். கப்பல் முழுக்க ஓடுகிற அந்தக் குழாய்களில் எப்போதும் உறிஞ்சல் இருக்க வேண்டும். அதற்கு வேக்குவம் பம்பு. இழுத்ததெல்லாம் கீழே ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குப் போகும். தொட்டியிலிருந்து இன்னொரு பம்பு அதைச் சுத்திகரிக்கும் பிளான்ட்டுக்கு அனுப்பும். ஒரு கேபினில் வால்வு ஒழுங்காக மூடவில்லை என்றால்கூட அந்தப் பக்கத்துக் கேபின் எல்லாவற்றிலும் உறிஞ்சல் போய்விடும். அதனால் வீடு வீடாகப் பார்க்கிற வேலை இல்லை இது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் பார்க்கிற வேலை.

கெழவியின் குழாய்களில் உப்புப் படிந்து சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. கை நுழைகிற குழாயில் விரல்தான் நுழையும். நான் மரச் சுத்தியல் ஒன்று வைத்துக்கொண்டேன். சீலிங் பலகையைக் கழற்றி, குழாயை வளைவுக்கு வளைவு தட்டிக்கொண்டே போவேன். நல்ல குழாய் கணீர் என்று பேசும். அடைத்த இடம் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். அந்த இடத்தை மட்டும் கழற்றினால் போதும். டயப்பர், மாங்கொட்டை, பாக்குப் பொட்டலம், ஒரு தடவை கீழ்வரிசைப் பல் செட் முழுசாக எடுத்தேன். கழுவிக் கொடுத்தேன். பல்லுக்குச் சொந்தக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வேளைக்கு அவரை டைனிங் ஹாலில் பார்த்தேன், மட்டன் சுக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மதுரையிலிருந்து குடும்பமாக வந்த ஒரு அம்மா ஒருநாள் கேபின் வாசலில் என்னைப் பிடித்தார்.

"ஏந்தம்பி, இது என்ன ஏரோப்ளேன் மாதிரி கத்துது. எம்பேத்தி உள்ள போகவே மாட்டேங்குறா. ஆளையே இழுத்துருமாம்ல?"

"இழுக்காதும்மா. எந்திரிச்சு நின்னுட்டு, மூடிய மூடிட்டு அமுக்குங்க."

"அத மொதல்ல சொல்லிருக்கலாம்ல. நான் நேத்து உக்காந்துக்கிட்டே அமுக்கிட்டேன்."

அவர் வீட்டுக்காரர் கேபினுக்குள்ளிருந்து சிரித்த சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

வேலையில் எனக்கு வெட்கம் இருந்ததா என்றால், முதல் மாதம் இருந்தது. அப்புறம் இல்லை. சமையல்காரர் லீவு போட்டால் பயணிகள் பிஸ்கட் சாப்பிட்டுச் சமாளிப்பார்கள். பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டினால் சீட்டாடுவார்கள். என் பம்பு நின்றால் கப்பல் அரை நாள் தாங்காது. இது பெருமைக்குச் சொல்லவில்லை, கணக்குக்குச் சொல்கிறேன்.

4. கப்பலூரில் நடந்தது

இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. உங்கம்மாவுக்குத் தெரியும்.

பம்பு கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது பக்கத்து ஷெட்டில் ஒரு கழிவுத் தொட்டி இருந்தது. ஒருநாள் மத்தியானம் அங்கே மோட்டார் அடைத்துக்கொண்டது என்று ஒரு ஆளை உள்ளே இறக்கினார்கள். உள்ளே போனவர் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் களைத்துப்போனவர் மாதிரி உட்கார்ந்தார். கத்தக்கூட இல்லை. சத்தம் கேட்டு எங்கள் ஷெட்டிலிருந்து ஓடினோம். என் கூட்டாளி முனியாண்டி யாரையும் கேட்காமல் ஏணியில் இறங்கி அவரைத் தூக்கக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

மூன்றாவதாக நான் ஏணியில் கால் வைத்தேன். டீ கொண்டு வந்தவர் பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். காலர் கிழிந்து அவர் கையோடு போனது, நான் தரையில் விழுந்தேன். அதற்கு அடுத்த வருஷம்தான் மலர் பிறந்தாள்.

இரண்டு பேரும் தாங்களாகவே இறங்கினார்கள் என்று அந்த ஷெட்டுக்காரர்கள் சொன்னார்கள். அந்த வார்த்தை என் காதிலேயே இருக்கிறது. தாங்களாகவே.

5. அந்தப் பகல்

கப்பல் நிறையப் பயணிகளோடு கிளம்பி இரண்டாவது நாள் காலை. தொட்டியிலிருந்து பிளான்ட்டுக்கு அனுப்புகிற பம்பு ஓடுகிறது, ஆனால் ஒன்றும் இழுக்கவில்லை. தொட்டி நிறைந்துகொண்டே வந்தது. நிறைந்தால் வேக்குவம் தானாக நின்றுவிடும். நின்றது. கப்பலின் முன்பாதியில் எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை. ரிசப்ஷன் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. கையில் குழந்தையோடு, கையில் போனோடு.

தொட்டியின் மேல்மூடியைத் திறந்து, தற்காலிகப் பம்பு ஒன்றை இறக்கி, அவசரத்துக்கு இருக்கும் இன்னொரு தொட்டிக்கு மாற்றினோம். இதில் கழிவு முழங்கால் அளவுக்கு இறங்கியதோடு அந்தத் தொட்டியும் நிறைந்துவிட்டது. அடியில் இருக்கிற உறிஞ்சு வாயில் என்னவோ சிக்கியிருக்கிறது. ஒரு ஆள் இறங்கிக் கையால் பிடுங்கினால் ஐந்து நிமிஷ வேலை.

மூடிய தொட்டிக்குள் இறங்குவதற்குக் கப்பலில் முறை இருக்கிறது. முதலில் கேஸ் மீட்டரை உள்ளே இறக்கி, காற்று நல்ல காற்றா என்று பார்க்க வேண்டும். மேலே காற்று சிலிண்டரோடு மாஸ்க் செட் தயாராக இருக்க வேண்டும். எங்கள் மீட்டர் ஆன் செய்தால் ஒரு பீப் அடித்துவிட்டு அணைந்துவிடும். பழுது பார்க்கக் கரைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மாஸ்க் செட்டை முதுகில் மாட்டினால் அந்தத் தொட்டி வாயில் ஆள் நுழைய முடியாது. கெழவியைக் கட்டிய காலத்து வாய், அவ்வளவு சின்னது.

இதெல்லாம் எனக்கு மட்டும் தெரிந்தது இல்லை. ராஜசேகர் சாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் தெரியாமல் கேட்கவில்லை. மேலே ஹோட்டல் மேனேஜர் நிமிஷத்துக்கு ஒரு போன் போட்டுக்கொண்டிருந்தார், கரையிலிருந்து ஆபீஸ்காரர்கள் வேறு. சாருக்கு வேர்த்துக் கொட்டியது.

"பரமா, அஞ்சு நிமிசம். எறங்கி, வாயில இருக்கறதப் புடுங்கிட்டு ஏறிரு."

"மீட்டரு சார்?"

"மீட்டர் செத்துக் கெடக்குன்னு ஒனக்கே தெரியும்ல. அதான் ப்ளோயர் போட்டுக் காத்து விட்டாச்சே."

"காத்து விட்டா சரி சார். உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு எப்பிடித் தெரியும்?"

"மோந்து பாரு. வாட அம்புட்டா இல்லையே."

"வாட இல்லாததுதான் சார் பயமா இருக்கு."

கழிவு அழுகி வருகிற விஷ கேஸ் கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப் போய் வாடையே தெரியாது. பயிற்சியில் அவருக்கும் எனக்கும் சொல்லிக் கொடுத்தது இது. சார் கீழே பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னப்பா பெரிசாப் பேசிக்கிட்டு. உங்காளுகளுக்கு இதெல்லாம் பழக்கந்தான?"

சுற்றி நின்ற நாலைந்து பேரில் தமிழ் தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் என்னவோ புரிந்துவிட்டது, கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"யாருக்குப் பழக்கம் சார்?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன். கோவிச்சுக்காத."

"எங்கப்பா நெல்லறுத்தாரு. எங்கம்மா களையெடுத்துச்சு. நான் பம்பு பாக்குறேன். இதுல குழி எங்க சார் வருது? எறங்குனவுகளுக்கும் ஒண்ணும் பழகல. பழகியிருந்தா ஏன் சாகப் போறாக? கேஸுக்குக் காலனியும் தெரியாது, அண்ணா நகரும் தெரியாது சார். நீங்க எறங்குனாலும் அதே காத்துதான்."

என் குரல் நடுங்கியது. அதையும் எழுதிவிடுகிறேன். தைரியம் வந்தால் குரல் நடுங்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்போது மாரியப்பன் அண்ணன் முன்னால் வந்தார். எஞ்சின் ரூமில் எண்ணெய் துடைத்து, சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. திருமங்கலம் பக்கத்து ஆள், என்னைவிட ரொம்ப மூத்தவர். அந்த மாதத்தோடு அவருக்குக் காண்ட்ராக்ட் முடிகிறது. திரும்ப எடுப்பார்களா என்று அவருக்கே தெரியாது.

"நான் எறங்குறேன் சார்."

"அண்ணே, வேணாம்ணே."

"நீ சும்மா இருடா. ஒனக்கு வயசு இருக்கு, வேற கப்பல் வரும். எனக்கு எவன் குடுப்பான்? மக நர்ஸிங் படிக்குது." கால்சட்டையை மடித்துவிட ஆரம்பித்தார். சார் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிறு எடுத்து வரச் சொன்னார்.

கயிறு என்று காதில் விழுந்ததும் எனக்குக் கப்பலூர் தொட்டியின் விளிம்பு தெரிந்தது. அவர் உள்ளே உட்கார்ந்துவிட்டால் அடுத்தது யார் இறங்குவார் என்றும் தெரிந்தது. நான்தான் இறங்குவேன். கப்பலில் என் காலரைப் பிடித்து இழுக்க யார் இருக்கிறார்கள்.

நான் யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். தற்காலிகப் பம்பையும் ப்ளோயர் குழாயையும் இழுத்து வெளியே போட்டேன். பக்கத்தில் கிடந்த இரும்பு மூடியை இழுத்துத் தொட்டி வாயில் போட்டேன். அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"பரமா, எந்திரி."

"எந்திரிக்க மாட்டேன் சார்."

"நான் ஆர்டர் போடுறேன்."

"போடுங்க சார். நானும் எறங்க மாட்டேன், இன்னொருத்தரையும் எறங்க விட மாட்டேன். மீட்டர் வரட்டும்."

"ஸைன் ஆஃப் பண்ணி எறக்கி விட்ருவேன்."

"விடுங்க சார். கேங்வே படியில நானா நடந்து எறங்கிப் போறேன். நாலு பேரு தூக்கிட்டு எறங்குற மாதிரி போக மாட்டேன்."

மாரியப்பன் அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கெடுத்துராதடா, என் பொழப்புடா இது" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுந்திருப்பேனோ என்னவோ.

விஷயம் மேலே போய், சீஃப் எஞ்சினியர் இறங்கி வந்தார். வட நாட்டுக்காரர், அதிகம் பேசமாட்டார். மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீட்டரைக் கையில் வாங்கி ஆன் செய்தார். அது ஒரு பீப் அடித்து அணைந்தது. ராஜசேகர் சாரிடம் ஆங்கிலத்தில் சுருக்கமாகக் கேட்டார். பின்பக்கமாகத் தண்ணீர் அடித்துப் பார்த்தீர்களா என்று. தீயணைக்கிற லைனிலிருந்து கடல் தண்ணீரை அழுத்தத்தோடு எதிர்த் திசையில் விட்டால் சிக்கினது தொட்டிக்குள்ளேயே பிடுங்கிக்கொண்டு விழலாம். விழாமலும் போகலாம், பழைய குழாய் வெடித்தாலும் வெடிக்கலாம். அதற்கு இரண்டு அளவுக் குழாய்களை இணைக்க ஒரு பிளாஞ்ச் செய்ய வேண்டும். கப்பலில் அந்த அளவில் ஒன்று இல்லை. கடைவதற்குப் பிட்டர் வேண்டும். எஞ்சின் ரூம் பிட்டர் காய்ச்சலில் படுத்திருந்தார்.

ராஜசேகர் சார் என்னிடம் திரும்பினார். "இப்பவாவது எந்திரிப்பியா?"

"நான் எந்திரிச்சா மூடி தொறந்துரும் சார்."

இதற்குள் செய்தி லாண்டரி வரைக்கும் போயிருந்தது. ஜமால் பாய் படி இறங்கி வந்தார், கையில் ஈரத் துண்டு.

"என்ன மாப்ள, கோழி அடை காக்குற மாதிரி ஒக்காந்திருக்க?"

சொன்னேன். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. துண்டை மூடியின் ஓரத்தில் விரித்தார்.

"எந்திரி. நான் ஒக்காறேன். நீ போயி கடைஞ்சிட்டு வா."

"பாய், ஒங்களுக்கு எதுக்கு வம்பு?"

"மேல அம்புட்டு கக்கூஸும் நின்னு போச்சு. இன்னிக்கு வர்ற பெட்ஷீட்டெல்லாம் நான்தானடா தொவைக்கணும். என் வம்பு இது." உட்கார்ந்துகொண்டு சீஃப் எஞ்சினியரைப் பார்த்து சலாம் வைத்தார். "இப்ப தூக்கச் சொல்லு பாப்போம், கிரேன்தான் வரணும்."

சீஃப் எஞ்சினியருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் உதடு லேசாக அசைந்ததைப் பார்த்தேன்.

லேத்தில் நான் அப்படி ஒரு பிளாஞ்சை அதற்கு முன்னும் கடைந்ததில்லை, பின்னும் கடைந்ததில்லை. பக்கத்தில் நின்று கடைகிற பிட் மாற்றிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மாரியப்பன் அண்ணன். கோபம் போகவில்லை. ஆனால் கேட்கும் முன்னால் சாமான் கைக்கு வந்தது.

முதல் தடவை அழுத்தம் கொடுத்ததும் இணைப்பில் பீய்ச்சி அடித்து எல்லோரும் நனைந்தோம். போல்ட்டை இறுக்கி மறுபடி கொடுத்தோம். அழுத்தம் காட்டுகிற கேஜ் முள் ஏறிக்கொண்டே போனது. குழாய் முனகியது. சீஃப் எஞ்சினியர் நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினார். அப்போது மூடிக்குக் கீழே இருந்து தொம் என்று ஒரு சத்தம். முள் சட்டென்று இறங்கியது.

"யா அல்லா, எனக்குக் கீழயே வெடிச்சிருச்சு" என்றார் ஜமால் பாய், எழுந்திருக்காமலே.

சாயங்காலத்துக்குள் முன்பாதி கேபின்களில் உறிஞ்சல் வந்தது. பயணிகளுக்கு ஐஸ்கிரீம் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் எடுத்த வீடியோ அதற்கு முன்பே ஊர் சுற்றிவிட்டது.

துறைமுகம் சேர்ந்ததும் கரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், நல்ல மீட்டரோடு. மூடியைத் திறந்து கயிற்றில் மீட்டரை இறக்கினார்கள். பாதி ஆழம்கூடப் போகவில்லை, அது கத்த ஆரம்பித்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே கத்தியது. மூடி நாள் கணக்காக மூடிக் கிடந்ததால் சேர்ந்திருக்கும் என்று ராஜசேகர் சார் சொன்னார். இருக்கலாம். நான் வாதாடவில்லை. மாரியப்பன் அண்ணன் மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

நாள் முழுக்கக் காற்று விட்டு, மீட்டர் சும்மா இருந்த பிறகு இறங்கி எடுத்தார்கள். கப்பல் முத்திரை போட்ட ஒரு குழந்தைப் போர்வை.

6. அதற்குப் பிறகு

என்னை இறக்கி விட்டார்கள். மேலதிகாரி உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று காரணம். ராஜசேகர் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒம்மேல எனக்குத் தனிப்பட்ட கோவம் இல்ல பரமா. நீ செஞ்சது சரின்னு நான் சொன்னா, அப்ப நான் சொன்னது என்னன்னு கேப்பாங்க."

"தெரியுது சார்."

"ஊர்ல பாத்தா பேசுவீல்ல?"

"பேசுவேன் சார். எங்கிட்டுன்னு மட்டும் கேக்காதீங்க."

மாரியப்பன் அண்ணனுக்குக் காண்ட்ராக்ட் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. அவர் மகள் படிப்பை முடித்து இப்போது மதுரையில் நர்ஸாக இருக்கிறாள். அண்ணன் பொங்கலுக்கு போன் போடுவார், கப்பலைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். ஜமால் பாய் அடுத்த கப்பலுக்குப் போய்விட்டார். கெழவியை வேறு முதலாளி வாங்கி, வேறு கலர் அடித்து, வேறு பெயரில் ஓட்டுகிறார்கள் என்று அவர்தான் சொன்னார்.

ஆரப்பாளையத்து ஏஜென்ட்டிடம் மறுபடி போனேன். என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, ஒங்க பேருல ஒரு பேச்சு ஓடுது. சொன்ன பேச்சுக் கேக்க மாட்டாருன்னு."

"எந்தப் பேச்சுன்னு கேட்டியா?"

"அதெல்லாம் நான் கேக்க முடியுமாண்ணே."

"உண்மைதான்னு சொல்லு. கேக்க மாட்டேன்னு சொல்லு." படி இறங்கி வந்து அந்தக் கடையிலேயே இரண்டு புரோட்டா சாப்பிட்டுவிட்டு, கப்பலூர் பஸ் ஏறினேன். அந்தப் பம்பு கம்பெனியில் மறுநாளே சேர்ந்தேன். இன்று வரை அங்கேதான்.

இதுதான் உங்கப்பா ஒழுங்காகப் பார்க்காத வேலை. அடுத்த விசேஷத்தில் மாமா மறுபடி சொன்னால் தலையைக் குனிய வேண்டாம். ஆமா, கக்கூஸ் குழாய்தான் பார்த்தார், அது ஓடாமல் யாருக்கும் கப்பல் ஓடவில்லை என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடியுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் பெரிய படிப்புப் படித்து, எங்கேயோ ஏசி ரூமில் உட்காரலாம். அங்கேயும் ஒரு நாள் யாராவது ஒரு வேலையை, ஒரு ஏச்சை, ஒரு ஓரத்து நாற்காலியை உங்கள் பக்கம் தள்ளி, உங்களுக்கு இது பழக்கம்தானே என்பார்கள். சத்தம் போட வேண்டியதில்லை. எழுந்து ஓட வேண்டியதும் இல்லை. குரல் நடுங்கினால் நடுங்கட்டும். இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பக்கத்தில் இன்னொருத்தர் வந்து உட்காருவார்.

கப்பலை விட்டு இறங்கிய அன்று காலை நான் செய்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன். இது பாய்க்கும் தெரியாது.

பையைக் கட்டி வைத்துவிட்டுத் தனியாகத் தொட்டி அறைக்கு இறங்கினேன். பயணிகள் எல்லோரும் போயிருந்தார்கள், எஞ்சின் நின்றிருந்தது. தொட்டி வாய்க்கு நேர் மேலே சுவரில் ஒரு சதுரம் புடைத்துத் தெரிந்தது. நாலு மூலையிலும் திருகாணித் தலை. என்னவோ ஒரு பலகையை எடுக்காமலே அதன் மேல் பெயிண்ட் அடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். சுரண்டியை வைத்துச் சுரண்டினேன். வெள்ளை போனது, சாம்பல் வந்தது. சாம்பல் போனது, பச்சை வந்தது. ஒவ்வொரு முதலாளியாக உதிர்ந்தார்கள். கடைசியில் பித்தளை. டீசல் நனைத்த வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைத்ததும் எழுத்து தெரிந்தது. ஆங்கிலம் இல்லை, அவளைக் கட்டிய நாட்டுப் பாஷை. ஒரு எழுத்துக்கூட எனக்குப் படிக்க வரவில்லை. அந்த இடத்தில் எச்சரிக்கையைத் தவிர வேறு என்ன எழுதியிருக்கப் போகிறார்கள்.

அடுத்து வருகிற ஆளும் அந்த ஆரப்பாளையத்து மாடி வழியாகத்தான் வருவான். பிரஷ்ஷும் சிவப்பு பெயிண்ட்டும் எடுத்து, பித்தளைக்குக் கீழே தமிழில் எழுதினேன்: மீட்டர் இல்லாமல் இறங்காதே. எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. அது காயும் வரைக்கும் மூடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நானாக நடந்து இறங்கினேன்.